பாறையில் விழுந்த கேமரா: பாடியில் கீறல் இல்லை, படத்தில் இடது ஓரம் மங்கல்

அஸ்தம்பட்டி:
ஏற்காடு பகோடா பாயிண்ட்ல காத்துக்கு ட்ரைபாட் சாய்ஞ்சு, இடுப்பு உயரத்துல இருந்து லென்ஸ் முனை பாறையில் அடிபட விழுந்துடுச்சு. டிஎஸ்எல்ஆர், பிளாஸ்டிக் பாடி, கேமராவோட சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸ். லென்ஸ் முனையில இருக்கிற ஃபில்டர் வளையம் நசுங்கியிருக்கு. வியூஃபைண்டர்ல ஃபோகஸ் பண்ணினா நடுவே சாஃப்ட். லைவ் வியூல (பின்பக்கத் திரையில் பார்த்து எடுக்கிறப்போ) நடு ஷார்ப். ரெண்டுலயும் இடது ஓரம் மங்கல். லென்ஸ் மட்டும் மாத்தினா போதுமாங்க?

செவ்வாய்ப்பேட்டை:
இது ரெண்டு தனித்தனிக் கோளாறுங்க.

முதல்ல நடுப்பகுதி. லைவ் வியூ சென்சாரையே பார்த்து ஃபோகஸ் பண்ணும். வியூஃபைண்டர்ல பார்க்கும்போது, பெரிய கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற குட்டிக் கண்ணாடி வழியா வெளிச்சம் அடியில இருக்கிற ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) சென்சாருக்குப் போகும். அடிபட்டதுல அந்தக் கண்ணாடி உட்காரும் இடம் துளி நகர்ந்தாலும் இப்படித்தான் வரும். உங்க மெனுவில் ஏஎஃப் ஃபைன் ட்யூன் (ஃபோகஸை நுணுக்கமா நகர்த்தும் வசதி) இருந்தால் சரிக்கட்டலாம். ஆரம்ப நிலை பாடிகள் பலவற்றில் அது கிடையாது, சர்வீஸ்லதான் சரிபண்ணணும்.

இடது ஓரம் மங்கக் காரணம் லென்ஸா, மவுண்டா (பாடியில் லென்ஸ் மாட்டும் இடம்)? வீட்டிலேயே பார்க்கலாம். செவுத்துல நியூஸ்பேப்பரை விரிச்சு ஒட்டுங்க. நடுவே சின்னக் கண்ணாடி ஒன்றை ஒட்டி, வியூஃபைண்டர் நடுவில் உங்க லென்ஸே தெரியும்படி கேமராவை நிறுத்துங்க. அப்பத்தான் செவுத்துக்கு நேரா நிக்கும். முழு அபர்ச்சர் (லென்ஸ் துவாரம் முழுசா திறந்து), லைவ் வியூ ஃபோகஸ், 2 விநாடி டைமர். அடுத்து கேமராவைத் தலைகீழாக்கி இன்னொரு படம். மங்கல் பேப்பரோட அதே பக்கத்திலேயே நின்னா நீங்க நிறுத்தினது கோணல். பேப்பரோட மறுபக்கம் போனா கோளாறு கேமராவிலோ லென்ஸிலோ. பிறகு வேறொரு லென்ஸ் போட்டு இதையே செய்யுங்க. அதிலயும் அப்படியே வந்தா பாடி, வரலைன்னா லென்ஸ்.

குரங்குச்சாவடி:
பாடியில் கீறல் இல்லைன்னு நம்பிடாதீங்க. முனையில் விழுந்த அடி லென்ஸை நெம்புகோலாக்கி மவுண்ட்டைத்தான் நெம்பும். மவுண்ட் வளையம் உலோகம், சரி. அதன் ஸ்க்ரூ பிடிக்கிற உள் தூண்கள் பிளாஸ்டிக். அவை விரிசல் விட்டால் வெளியே தெரியாது. பாடியைப் படுக்க வெச்சு லென்ஸை மெல்ல ஆட்டிப் பாருங்க. வளையத்துக்கும் பாடிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி திறந்து மூடினால் அதுதான். அந்த இடைவெளியே போதும் படம் மங்க: ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில், துவாரத்தை f/1.8 அளவுக்கு அகலமாத் திறந்தா, லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்துல முன்னும் பின்னும் சுமார் 0.04 மி.மீ. விலகலுக்குத்தான் இடமிருக்கு.

ஸ்க்ரூவை நீங்களே முறுக்காதீங்க. ஜப்பான் கேமராவில் ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) ஸ்க்ரூ தலை. சாதாரண ஸ்டார் டிரைவர் தலையைத் தின்னுடும். பாடியைத் திறக்கவே வேண்டாம். ஃபிளாஷ் கெபாசிட்டர்ல 300 வோல்ட் வரை நிக்கும், பேட்டரி கழட்டினாலும்.

அஸ்தம்பட்டி:
50 எம்எம் லென்ஸ் போட்டுப் பார்த்தேங்க. தலைகீழாக்கினப்போ மங்கல் பேப்பரோட வலப்பக்கம் போயிடுச்சு.

செவ்வாய்ப்பேட்டை:
அப்போ பாடிதான். சர்வீஸுக்குக் கிட் லென்ஸையும் சேர்த்தே கொடுங்க, அதுவும் கோணியிருக்கலாம். "மவுண்ட் சமதளம், சென்சார் தூரம், குட்டிக் கண்ணாடி" மூணையும் சரிபார்க்கணும்னு சர்வீஸ் சீட்டில் எழுதச் சொல்லுங்க. சென்சாரை நகர்த்தி ஈடுகட்டுறேன்னா ஒத்துக்காதீங்க, மவுண்ட் அடியில உடைஞ்ச பாகத்தையே மாத்தணும். அதுவரை கனமான டெலி லென்ஸ் மாட்டாதீங்க. ஏற்காட்டு மூடுபனிக்கும் வேண்டாம். விரிசல் வழியா ஈரம் உள்ளே போகும்.