மலையேற்றப் பாதை முனையில் ராத்திரி முழுக்க நின்ற வண்டி: உங்களுக்கு என்ன நடந்தது?

தொடுவானம்:

கலிஃபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவில் மினரல் கிங் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வண்டியைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டாமல் விடக்கூடாது. மார்மட் என்கிற பெரிய மலை அணில் அடிப்பக்கமாகப் புகுந்து ஹோஸ், ஒயரைக் கடித்துவிடும். எங்களுக்கும் தெரியும். தார்ப்பாய் வாங்கித்தான் வைத்திருந்தோம். ஆனால் அடிவாரத்து ஊரான த்ரீ ரிவர்ஸிலிருந்து அந்த 25 மைலும் கிட்டத்தட்ட 700 வளைவும் தாண்டி மேலே சேரவே மதியம் ஆகிவிட்டது. இருட்டுவதற்குள் ஃபிராங்க்ளின் ஏரிக்குப் போக வேண்டும். அவசரத்தில் முன்பக்கத்தை மட்டும் மூடி, நாலு கல்லை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். அடிப்பக்கம் திறந்தேதான் கிடந்தது.

இரண்டு ராத்திரி கழித்து வந்து சாவியைத் திருகினேன், ஸ்டார்ட் ஆனது. டெம்பரேச்சர் முள் ஏறவில்லை. அப்பாடா என்று ஒன்றரை மணி நேரம் மெதுவாக இறங்கி, கீழே பெட்ரோல் போட நிறுத்தினால், பானெட்டுக்குள் சுரண்டுகிற சத்தம்.

திறந்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு மார்மட். பூனை அளவு, மஞ்சள் வயிறு, இரண்டு கண்ணுக்கும் நடுவில் வெள்ளைப் பட்டை. முன்னங்கால்கள் இரண்டையும் ஏர் ஃபில்டர் மூடிமேல் ஊன்றி என்னையே பார்த்தது. அந்தக் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் ஒரு அடி பின்னால் நகர்ந்ததும் குதித்து, பக்கத்து லாரிக்கு அடியில் புகுந்து, காய்ந்த புல்லுக்குள் ஓடிவிட்டது.

மேலே 7,800 அடி. கீழே ஆயிரம் அடிகூட இல்லை. ஜூலை வெயில் வேறு. வருஷத்தில் பாதிக்கு மேல் குளிர்ப்பொந்தில் தூங்குகிற பிராணி அது. அரை மணி நேரம் தேடினோம், கிடைக்கவில்லை. பூங்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தோம். ஹோஸ், ஒயர் எதிலும் ஒரு பல் தடம்கூட இல்லை. மூன்று வருஷமாகிறது, இன்னும் மனசு கேட்கவில்லை.

பனித்துளி:

எங்களுடையது யோசெமிட்டி தேசியப் பூங்கா, டுவாலமி மெடோஸ். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். ஒன்றரை வயது மகனை அவரிடம் விட்டுவிட்டு நானும் கணவரும் இரண்டு ராத்திரிக்குப் போனோம். சாப்பாடு, பற்பசை, சோப்பு, காலி கூலர் வரைக்கும் எல்லாம் கரடிப் பெட்டிக்குள், அதாவது கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டிக்குள், போய்விட்டது. மகனுடைய கார் சீட்டை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் பின்கதவின் மேல்சட்டம் வாழைப்பழத் தோல் மாதிரி வெளியே மடங்கித் தொங்குகிறது. சீட்டின் பஞ்சு வண்டி முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. பெல்ட் மட்டும் மாட்டியது மாட்டியபடியே இருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரேஞ்சர் வந்து கிழிந்த துணியை முகர்ந்து பார்த்து, "பால்" என்றார். ஒருமுறை வண்டியில் சாப்பாடு இருக்கும் என்று கரடி பழகிவிட்டால், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிவரலாம் என்றும் சொன்னார். கதவைச் சரிசெய்துவிட்டோம். அந்தக் கரடி என்ன ஆனது என்று கேட்கத்தான் இன்னும் துணிவு வரவில்லை.

மேற்கு மழை:

எல்லாரும் மிருகத்தையே சொல்கிறீர்கள். எங்கள் வாஷிங்டன் மாநிலத்துப் பக்கம் பயப்பட வேண்டியது மனுஷர்களுக்குத்தான். காஸ்கேடு மலையில் ஒரு பார்க்கிங்கில் வண்டியை விட்டேன். இறங்கும்போதே காலடியில் கண்ணாடிச் சில்லு, கற்கண்டு மாதிரி. பார்த்தும் அங்கேயே விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் அதே இடத்தில் என் வண்டிச் சில்லும் சேர்ந்து கிடந்தது.

இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பையை டிக்கிக்குள் வைப்பதானால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கே போய்த் திறந்து மூடினால், பார்க்கிறவனுக்கு எங்கே கை வைக்கலாம் என்று நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. கராஜ் ரிமோட்டை எடுத்துப் போய்விடுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் தாளில் உங்கள் வீட்டு முகவரி இருக்கிறது, ரிமோட்டும் கிடைத்தால் வீடே திறந்த மாதிரிதான், அதுவும் நீங்கள் ஊரில் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். எந்த நாள் திரும்புவீர்கள் என்று எழுதி டேஷ்போர்டில் வைக்காதீர்கள், வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் (இங்கே காட்டுப் பகுதிகளில் வண்டி நிறுத்த வாங்கும் சீட்டு) தேவைப்படுகிற இடத்தில் கண்ணாடியில் மாட்டிவிடுங்கள், நாளுக்கு 5 டாலர்தான். வண்டியை வெளியேறும் வழியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். பாதி டேங்காவது பெட்ரோல் வேண்டும். காட்டுத்தீ சீசனில் அதுதான் கைகொடுக்கும். சாவி இரண்டு, இரண்டும் வேறு வேறு ஆளிடம்.

தொடுவானம், நீங்கள் கட்டிய விதமே தப்பு. தார்ப்பாயை முதலில் தரையில் விரித்து, அதன் மேல் வண்டியை ஏற்றி, நாலு பக்கமும் தூக்கிக் கயிறு போட வேண்டும். மேலே போர்த்துவதில் பிரயோஜனமே இல்லை.

பனித்துளி:

மேற்கு மழை, அவர் தார்ப்பாய் எப்படிக் கட்டுவது என்று கேட்கவில்லையே. அந்தப் பிராணியைப் பற்றித்தான் சொல்கிறார்.

கல்லும் முள்ளும்:

எனக்குப் பேட்டரி. பெர்மிட்டைத் தேடும்போது போட்ட உள்விளக்கை அணைக்கவில்லை, மூன்று ராத்திரி எரிந்திருக்கிறது. சிக்னல் கிடையாது. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். எழுபது வயதிருக்கும் ஒரு தம்பதி இறங்கி வந்து, தங்கள் பையைக்கூடக் கழற்றாமல் கேபிளை எடுத்து மாட்டினார்கள். அன்றிலிருந்து என் டிக்கியில் கேபிள் இருக்கிறது. இதுவரை இரண்டு பேருக்கு மாட்டிவிட்டேன்.

தொடுவானம், கிளம்புவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பார்க்கச் சொல்வார்கள், இதற்காகத்தான். உங்கள் மார்மட் கத்தியதா? பயந்தால் அது விசில் அடிக்குமே.

தொடுவானம்:

மேற்கு மழை சொல்வதும் சரிதான், தரையில் விரித்திருந்தால் அது உள்ளே போயிருக்காது. பானெட்டையும் திறந்திருக்க வேண்டும், மேலேயே இறங்கி ஓடியிருக்கும்.

கத்தவில்லை. ஏரிக்கரையில் இரண்டு நாளும் அவை விசில் அடித்துக்கொண்டே இருந்தன, அதைக் கேட்டபடிதான் டீ போட்டோம். இது ஒரு சத்தமும் போடவில்லை.