திருவிளையாடல் கதை வசன கேசட்: பி பக்கம் மங்குகிறது, உதவி தேவை

வணக்கம். திருவிளையாடல் (1965) கதை வசன கேசட்டை டிஜிட்டலுக்கு மாற்றுகிறேன். ஏ பக்கம் சுத்தமாக வந்துவிட்டது. பி பக்கம் தருமி காட்சியில் சிக்கல். "சேர்ந்தே இருப்பது?" என்று நாகேஷ் கேட்கும் இடத்தில் 'ச' அமுங்கி "ஏர்ந்தே" என்றுதான் விழுகிறது. சிவாஜி "வறுமையும் புலமையும்" என்று முடிப்பதற்குள் இடது சேனல் ஏறி இறங்குகிறது.

டேப்பைப் படிக்கும் ஹெட், டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் (சுழலும் தண்டு), அதோடு டேப்பை அழுத்தும் பிஞ்ச் ரோலர் மூன்றையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. கேசட்டுக்குள் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் பிரஷர் பேட் உதிர்ந்திருந்ததால் டேப்பை ஸ்க்ரூ வைத்த வேறு கூட்டுக்கு மாற்றினேன். கீச்சொலி நின்றது, மங்கல் போகவில்லை. ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் அசிமத் ஸ்க்ரூவைத் திருப்பினால் 'ச' தெளிகிறது, சற்று நேரத்தில் மறுபடி விலகுகிறது. வேறு டெக்கிலும் இதே கதை. டேப்பின் ஒரு விளிம்பு அலையலையாக நெளிந்திருக்கிறது, அதனால்தான் ஹெட் முன்னால் சாய்ந்து ஓடுகிறது என்று நினைக்கிறேன். ஈக்வலைசரில் ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் கூடும். படத்தின் ஒலியை எடுத்து ஒட்டவும் மனமில்லை. கேசட்டுக்கென்று தொகுத்த விதமே தனி.

ஹெட்டுக்கு இருபுறமும் கேப்ஸ்டன் உள்ள இரட்டை கேப்ஸ்டன் டெக்கில் டேப் இழுவிசை சீராக இருக்கும், சாய்வு குறையும். சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்தேன், கிடைக்கவில்லை. நல்ல நிலையில் உள்ள இரட்டை கேப்ஸ்டன் டெக்கில் ஒருமுறை ஓட்டிப் பதிவுசெய்ய, சென்னையில் யாரை அணுகலாம்?