அட்டைக்கடியும் மஞ்சள் பத்தும்: சீனி வருத்தக்காரருக்குப் புண் ஆறாட்டி நீங்க என்ன போட்டீங்க?

ஹட்டன் பக்கத்துல இருந்து:
அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) வந்து 11 வருசம். கொழுந்து மலையில அட்டை கடிச்சிச்சு, கணுக்காலுக்கு மேல. நமக்கு அட்டைக்கடியெல்லாம் ஒரு கடியா? சவுக்காரம் போட்டுக் கழுவினதோட விட்டுட்டோம். அவங்க ராத்திரியில சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிட்டாங்க.

பக்கத்து லயத்து ஆயா சொன்னாங்கனு மஞ்சளும் வேப்பிலையும் அம்மியில அரைச்சு, வேப்பெண்ணெயில குழைச்சுப் பத்துப் போட்டேன். மூணாம் நாள் பொருக்குத் தட்டிருச்சு. வலிக்குதானு கேட்டா, இல்லங்கிறாங்க. ஆறிருச்சுனே நினைச்சேன்.

கிளினிக்ல மிஸ் (நர்ஸ்) சேலைன் ஊத்தி, பொருக்கை ஊறவச்சு எடுத்தாங்க. அடியில ஒரு குழி. பஞ்சுக்குச்சி நுனி உள்ள போகுது, சீழ் நாத்தம் வேற. எனக்குத் தலை சுத்துது, அம்மா "கடைசி பஸ் எத்தன மணிக்கு?"னு மிஸ்கிட்ட கேட்டுட்டு உக்காந்திருக்காங்க. அவ்வளவு மரத்துப்போயிருக்கு கால்.

சீனி கூடினா நரம்பு செத்து வலி தெரியாது, காலுக்கு ரத்தம் போறது குறையும், கிருமியோட சண்டை போடுற வெள்ளணுவும் சோர்ந்துரும்னு மிஸ் சொன்னாங்க. மஞ்சளுக்குக் கிருமியை அடக்குற குணம் இருக்குதான். ஆனா நான் அரைச்சது மலையில இருந்து வர்ற பீலித் தண்ணியைக் காய்ச்சாம ஊத்தி! பொருக்குக்குக் கீழ என்ன நடக்குதுனும் தெரியாமப் போச்சு. இன்சுலின், மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்துறதுனு ரெண்டு மாசம் இழுத்துச்சு.

பதுளையில இருந்து:
அப்பாவுக்குப் பெருவிரல்ல புண். நாங்க தேன் போட்டோம். தேன் புண்ணுல இருக்கிற நீரை உறிஞ்சும், புளிப்புத் தன்மையும் இருக்கு, அதுல கிருமி லேசுல வளராது. டொக்டரும் தேனைக் குறை சொல்லல. ஆனா "எந்தத் தேன்?"னு கேட்டார். மருந்துக்குப் பாவிக்கிறது காமாக் கதிர்ல சுத்தம் பண்ணினதாம், காட்டுத்தேன்ல கிருமி வித்து இருக்கலாமாம். நான் ரோட்டோரம் வாங்கின போத்தல் பாதி சீனிப்பாகுனு நினைக்கிறேன். மிச்சத்தைப் பிள்ளைங்க ரொட்டிக்குத் தொட்டு முடிச்சிட்டாங்க.

நுவரெலியாவுல இருந்து:
மாமா குளிருக்கு அடுப்புக்கிட்ட காலை நீட்டினவர், கொப்புளம் வந்தது கூடத் தெரியல. கற்றாழைச் சோறு வச்சோம், குளிர்ச்சியா இருந்திச்சு. நாலாம் நாள் விரல் கறுத்துப் போச்சு. அந்த விரலை எடுத்துட்டாங்க. கற்றாழை மேல பழி போட மாட்டேன், அந்த நாலு நாள்தான் எங்க பிழை. அக்கா, வல்லாரை போட்டுப் பார்த்தீங்களா? அதுல களிம்பெல்லாம் வருதே?

ஹட்டன் பக்கத்துல இருந்து:
புண்ணை ஆத்துற சத்து அதுல இருக்குனு களிம்பு செய்றாங்கதான் தங்கச்சி. ஆனா வயல் வரப்புல பிடுங்கின இலையைத் திறந்த புண்ணுல வைக்க இனி எனக்குத் தைரியம் இல்ல. அம்மா அதைச் சம்பலாத்தான் சாப்பிடுறாங்க. இப்ப வேலை விட்டு வந்ததும் போன் வெளிச்சத்துல அவங்க பாதத்தையும் விரல் இடுக்கையும் நான் பார்க்கிறேன். நேத்து செருப்புக்குள்ள ஒரு ஊக்கு கிடந்திச்சு. காலையில இருந்து அதை மிதிச்சிட்டே நடந்திருக்காங்க.