தேடல் சர்வருக்குச் சான்றிதழும் கடவுச்சொல்லும் போட்ட அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது?

காலாங் பயணி

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் தரவுத்தள மென்பொருளை டாக்கரில் (நிரல்களைக் கொள்கலன் எனும் தனித்தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் நீண்ட விளக்கம் எதுவும் தரவில்லை.

2020 ஜூலை. கிருமித்தொற்றுக் காலம். நான் வேலை பார்த்த பார்சல் நிறுவனத்தில் ஓய்வே இல்லை. காலையில் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் செய்தி படித்துக்கொண்டிருந்தேன்: பூட்டில்லாமல் இணையத்தில் கிடக்கும் தரவுத்தளங்களை யாரோ வரிசையாக அழித்து, அழித்த இடத்தில் ‘மியாவ்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எலாஸ்டிக்சர்ச்சும் அந்தப் பட்டியலில் இருந்தது.

எனக்குப் பயமில்லை. முதல் நாள்தான் முதலாளி கேட்டிருந்தார், “ஃபயர்வால் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்று சொல்லியிருந்தேன். அது பொய்யும் அல்ல. யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியில், எலாஸ்டிக்சர்ச் பதில் தரும் 9200 போர்ட்டை (இணைப்பு வாசல்) என் கையாலேயே மூடியிருந்தேன். நிலையைக் கேட்டால் ‘டினை’ (மறுப்பு) என்றுதான் காட்டும்.

இருந்தாலும் கைப்பேசியில் சர்வர் முகவரியைத் தட்டி, பின்னால் 9200 சேர்த்துப் பார்த்தேன். ரயில் லவண்டரைத் தாண்டிச் சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்த நேரம், திரையில் வந்து நின்றது எலாஸ்டிக்சர்ச்சின் வழக்கமான வரவேற்பு வரி: ‘யூ நோ, ஃபார் சர்ச்’. அதற்கு மேலே எங்கள் கிளஸ்டரின் (சர்வர் தொகுப்பின்) பெயர், பதிப்பு எண். கடவுச்சொல் கேட்கவில்லை. அட்டவணைப் பட்டியலையும் கேட்டுப் பார்த்தேன், அதுவும் வந்தது. 41,000 பேருக்கு மேல் பெயர், புளோக் எண், மாடி, தொலைபேசி.

அல்ஜூனிட்டில் இறங்கி, நடைமேடையில் நின்றபடியே அலுவலகத்தில் இருந்த சக ஊழியரை அழைத்துக் கொள்கலனை நிறுத்தச் சொன்னேன். என் குரல் நடுங்கியது அவருக்குக் கேட்டிருக்கும்.

காரணம் பிறகுதான் புரிந்தது. டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிடும்போது ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் உள் ஃபயர்வால் விதிப்பட்டியல்) தன் விதிகளைத் தானே எழுதிவிடும். வருகிற இணைப்பு யூஎஃப்டபிள்யூ காவல் காக்கும் வழியே போவதில்லை, பக்கவாட்டில் கொள்கலனுக்குள் போய்விடுகிறது. முன்வாசலில் பூட்டு தொங்குகிறது, ஆட்கள் கொல்லைப்புறமாக வருகிறார்கள். போர்ட் வரியில் 127.0.0.1 (அந்த இயந்திரத்தையே குறிக்கும் முகவரி) என்று முன்னால் சேர்த்ததும் வெளியிலிருந்து வரும் வழி அடைபட்டது. எலாஸ்டிக்சர்ச்சின் பாதுகாப்பு வசதிகள் 2019 மே மாதத்திலிருந்தே இலவசம். ஆனால் 7 வரிசைப் பதிப்புகளில் நாமாக முடுக்கிவிட வேண்டும். நான் முடுக்கியிருக்கவில்லை.

எங்கள் தரவு அழிக்கப்படவில்லை. ஆனாலும் முதலாளியிடம் சொன்ன அந்தப் பதில் இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது.

ஊபி இரவுப்பணி

என் கதை சான்றிதழ் பற்றியது. 2021 நவம்பர் 14 அன்று எலாஸ்டிக்சர்ச்சோடு வரும் ‘சர்ட்யூட்டில்’ கருவியால், சர்வரை அடையாளம் காட்டி இணைப்பைக் குறியாக்க உதவும் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் நானே உருவாக்கினேன். மூன்று ஆண்டுக் காலம் என்று நாட்காட்டியில் 2024 நவம்பர் 14 அன்று குறித்தும் வைத்தேன். ஒரு வாரம் முன்னதாக நினைவூட்டல் வந்தது. “13ஆம் தேதி இரவு மாற்றிவிடலாம், பகலில் ஆட்கள் தேடிக்கொண்டிருப்பார்கள்” என்று குழுவில் முடிவு செய்தோம்.

13ஆம் தேதி மாலை நான்கு மணி வாக்கில் புகார் வரத் தொடங்கியது. விசித்திரமான புகார். ஒருவருக்குத் தேடல் வேலை செய்கிறது, பக்கத்து இருக்கைக்காரருக்குச் செய்யவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவருக்கும் போய்விட்டது. சர்வரைப் பார்த்தால் நலமாக இருக்கிறது, நினைவகம் நிறைய இருக்கிறது. வலைப்பின்னல்காரர்களைக் குற்றம் சொன்னேன். அவர்களிடம் இன்றும் அந்த வருத்தம் எனக்கு உண்டு.

சான்றிதழின் கடைசித் தேதியைத் திறந்து பார்த்தபோது நவம்பர் 13 என்று இருந்தது. அந்தக் கருவி மூன்று ஆண்டு என்று கணக்கிடுவதில்லை, 1095 நாள் என்று கணக்கிடுகிறது. 2024 லீப் ஆண்டு. பிப்ரவரி 29 என் கணக்கில் ஒரு நாளைத் தின்றுவிட்டது. அதுவும் நள்ளிரவில் அல்ல, மூன்று ஆண்டுக்கு முன் நான் கட்டளையைத் தட்டிய அதே நேரத்தில் காலாவதியானது. ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் சிறிது நேரம் பிழைத்திருந்தன, புதிதாகக் கைகுலுக்க (இணைப்பைத் தொடங்க) வந்தவை மட்டும் திருப்பி அனுப்பப்பட்டன. பாதிப் பேருக்கு வேலை செய்து பாதிப் பேருக்குச் செய்யாததன் காரணம் அதுதான்.

நாட்காட்டியை நம்பாதீர்கள், சான்றிதழையே கேளுங்கள். இப்போது தினமும் காலையில் ஒரு சிறு நிரல் 9200இல் தட்டி, மீதி நாட்களை எண்ணி அனுப்புகிறது.

பொங்கோல் மூத்தவர்

காலாங் நண்பர் 127.0.0.1 சேர்த்ததோடு நிம்மதி அடைந்தது போல எழுதியிருக்கிறார். அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. அதே டாக்கர் வலையமைப்பில் இருக்கும் மற்றக் கொள்கலன்கள் எல்லாம் 9200ஐ அப்போதும் தொடலாம். அவற்றில் ஒன்றில் ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. கடவுச்சொல்லும் குறியாக்கமும் உள்ளேயும் வேண்டும்.

என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த இடத்தில் எல்லாமே டிஎல்எஸ் (குறியாக்கப்பட்ட இணைப்பு) என்று பெருமையாகச் சொன்னார்கள். சோதனை வலையமைப்பில் அதே பெயரில் ஒரு வெற்றுச் சர்வரை, நானே தயாரித்த வேறு சான்றிதழோடு நிறுத்திவைத்தேன். பதினொரு நிரல்களும் வந்தன. பதினொன்றும் முதல் கோரிக்கையிலேயே ‘எலாஸ்டிக்’ பயனரின் கடவுச்சொல்லை என் கையில் கொடுத்துவிட்டன. எல்லாவற்றிலும் சான்றிதழ்ச் சரிபார்ப்பு அணைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த நிரலாளர் திரையில் தன் கடவுச்சொல்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

அவர் ஏன் அணைத்தார்? சான்றிதழில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயர் மட்டுமே இருந்தது. நிரல்களோ ‘இஎஸ்01’ என்ற கொள்கலன் பெயரால் அழைத்தன. பெயர் பொருந்தவில்லை, பிழை வந்தது, பிழையை வாயடைத்துவிட்டார். அதனால் சொல்கிறேன்: சான்றிதழ் தயாரிக்கும்போதே எந்தெந்தப் பெயரில் அழைப்பார்கள் என்று உட்கார்ந்து எழுதுங்கள். கொள்கலன் பெயர், லோக்கல்ஹோஸ்ட், ஐபி முகவரி, எல்லாம். சிஏ சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் மூலச் சான்றிதழ்) நிரல்களுக்குக் கொடுங்கள், அதன் சாவியைக் கொடுக்காதீர்கள். சாவி அந்தச் சர்வரிலேயே இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்து, எலாஸ்டிக் பயனர் வீட்டு உரிமையாளர் மாதிரி. அவர் சாவியை எல்லா நிரலுக்கும் நகல் எடுத்துத் தராதீர்கள். கிபானாவுக்கென்று (தரவைத் திரையில் காட்டும் துணை மென்பொருள்) தனிப் பயனர் இருக்கிறார், 8ஆம் பதிப்பில் எலாஸ்டிக் பயனரைக் கொடுத்தால் கிபானாவே மறுத்துவிடும். தேடல் நிரலுக்கு, தேட மட்டும் உரிமையுள்ள ஏபிஐ சாவி (நிரல்கள் கடவுச்சொல்லுக்குப் பதில் காட்டும் சாவி) போதும். கடவுச்சொல்லைச் சூழல் மாறியாக (கொள்கலனுக்குத் தரும் அமைப்பு மதிப்பாக) எழுதினால் ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ கட்டளை அடித்தவர் எல்லாருக்கும் தெரியும். ‘எலாஸ்டிக் பாஸ்வர்ட் ஃபைல்’ என்ற வழி இருக்கிறது, கோப்பில் வைத்துப் பாதையை மட்டும் கொடுங்கள். கோப்பின் அனுமதி 400 அல்லது 600 ஆக (உரிமையாளர் மட்டும் தொடக்கூடியதாக) இல்லாவிட்டால் கொள்கலன் எழாது, அது நல்லதற்குத்தான்.

உட்லண்ட்ஸ் தம்பி

அண்ணா, நீங்கள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் அல்ஜூனிட் நடைமேடையில் நிற்கிறவரிடம் ஏபிஐ சாவி பற்றிப் பேச முடியாது. அவர் முதலில் கதவை மூடினார், அதுதான் முறை. இரண்டே பேர் உள்ள அலுவலகங்களில் இந்த நீளமான பட்டியலைப் பார்த்தால் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுவார்கள். நானே அப்படித்தான் விட்டேன்.

என் தவறு அனுமதிகளில். சான்றிதழ்க் கோப்புகள் ரூட்டின் (சர்வரின் தலைமைப் பயனரின்) பெயரில் இருந்தன. கொள்கலனுக்குள் எலாஸ்டிக்சர்ச் 1000 என்ற பயனர் எண்ணில் ஓடுகிறது, அதனால் படிக்க முடியவில்லை என்று விழுந்தது. இரவு இரண்டு மணி. கோப்புறை முழுவதற்கும் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) கொடுத்தேன், எழுந்துகொண்டது, தூங்கப் போனேன். எட்டு மாதம் அப்படியே கிடந்தது.

ஒரு நாள் அதே சர்வரைப் பகிர்ந்துகொண்ட இன்னொரு குழுவின் பயிற்சி மாணவி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். “அண்ணா, இது உங்கள் கோப்பா? தவறுதலாகத் திறந்துவிட்டேன்.” இணைப்பில் எங்கள் சான்றிதழின் ரகசியத் தனிச் சாவி. அவர் நல்ல மனதோடு அனுப்பினார். அந்த ஒரு மின்னஞ்சலில் எங்கள் சாவி எத்தனை அஞ்சல் பெட்டிகளுக்குப் போயிற்று என்று நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. எல்லாச் சான்றிதழ்களையும் அன்றே மாற்றினோம். இப்போது கோப்புகள் 1000இன் பெயரில், 640 (உரிமையாளரும் அவர் குழுவும் மட்டும் படிக்கலாம்) அனுமதியோடு இருக்கின்றன.

ஈசூன் தகவல் பொறுப்பாளர்

நான் பொறியாளர் அல்ல. ஒரு துணைப்பாட நிலையத்தில் தனிநபர் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக என் பெயரைப் போட்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லாததால் போட்டது. எங்கள் மாணவர் தேடல் சர்வரும் காலாங் தம்பி சொன்ன மாதிரியே திறந்து கிடந்தது. வெளியாள் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

2021 பிப்ரவரி முதல் இங்கே சிங்கப்பூரில் சட்டம் மாறியிருக்கிறது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்திருந்தால், அப்படி மதிப்பிட்டதிலிருந்து மூன்று நாட்காட்டி நாட்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் வரும். எங்கள் எண்ணிக்கை அதைத் தாண்டியது. படிவம், கடிதம் எல்லாம் சிரமமாக இருந்தன, ஆனால் முடிந்துவிட்டன.

முடியாதது வேறு. பெற்றோர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். ஒரு தாய் கோபப்படவில்லை, நிதானமாகக் கேட்டார்: “சரி அம்மா, திறந்திருந்தது. யாராவது பார்த்தார்களா, பார்க்கவில்லையா?”

பொறியாளரிடம் திரும்பிக் கேட்டேன். யார் எதைப் படித்தார்கள் என்ற தணிக்கைப் பதிவு கட்டணச் சந்தா உள்ளவர்களுக்குத்தான், நம்மிடம் இல்லை என்றார். முன்னால் வேறு சர்வர் எதையும் வைக்காததால் அணுகல் பதிவும் இல்லை. அந்தத் தாய் தொலைபேசியில் காத்துக்கொண்டிருந்தார். “தெரியவில்லை” என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மகளின் பெயரைச் சொல்லி, “அவளுக்குப் பத்து வயது” என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சான்றிதழ், அனுமதி, 777 இவையெல்லாம் எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் பூட்டைப் பற்றி எழுதுகிறீர்கள். யார் வந்து போனார்கள் என்று எழுதிவைக்கும் நோட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

காலாங் பயணி

அக்கா, படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. எங்களிடமும் அந்த நோட்டு இருக்கவில்லை. இப்போது முன்னால் ஓர் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் இடைச் சர்வர்) நிற்கிறது, ஒவ்வொரு கோரிக்கையும் முகவரியோடு பதிவாகிறது, பதிவுகள் வேறு இயந்திரத்துக்குப் போகின்றன.

அந்த வாரம் நான் செய்தது ஒன்றை மட்டும் சொல்கிறேன். சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் பக்கத்தில், மணிக்கு எவ்வளவு தரவு வெளியே போனது என்று ஒரு வரைபடம் இருந்தது. எங்கள் அட்டவணை 60 மெகாபைட்டுக்குச் சற்று அதிகம். யாராவது மொத்தமாக அள்ளியிருந்தால் ஒரு மேடு தெரிய வேண்டும். சர்வர் திறந்திருந்த நாட்கள் முழுவதையும் மணி மணியாகப் பார்த்தேன். வழக்கமான பகல்நேர ஏற்றத்தைத் தவிர மேடு எதுவும் இல்லை. ஒரு பெயரைக்கூட யாரும் பார்க்கவில்லை என்று அது சொல்லாது. மொத்தமாக எடுத்துப்போகவில்லை என்று மட்டும் சொல்லும்.

அந்த வரைபடங்களைச் சில மாதங்களுக்குத்தான் வைத்திருப்பார்கள். உங்கள் சம்பவம் எப்போது நடந்தது, அக்கா?