அட்டவணை போட்டும் டீமில் வேலை நகரவில்லையா? அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்லுங்கள்

எந்த வேலையில் யாருக்கு என்ன பங்கு என்று காட்டும் ரேசி (RACI) அட்டவணையில் முதலில் இடது ஓரத்தைப் பாருங்கள். 'டெஸ்டிங்', 'டிசைன்' என்று துறைப் பெயர் எழுதியிருந்தால் அந்த அட்டவணை சுவரில் ஒட்டத்தான் ஆகும். 'லாகின் பக்கத்தின் டெஸ்ட் ரிப்போர்ட்' என்பதுபோல் கையில் வாங்கிப் பார்க்கக்கூடிய பொருளாக இருந்தால்தான் முடிந்ததா இல்லையா என்று சண்டையில்லாமல் சொல்லலாம். மேல் வரிசையில் பதவி வேண்டாம், ஆள் பெயர் போடுங்கள்.

குறிகள் நான்கு: செய்பவர் ஆர் (R), பொறுப்பேற்றுப் பதில் சொல்பவர் ஏ (A), முன்கூட்டியே கருத்துக் கேட்க வேண்டியவர் சி (C), தகவல் மட்டும் போதும் என்பவர் ஐ (I). நிரப்பியதும் குறுக்கே படியுங்கள். ஒரு வரியில் ஒரே ஒரு ஏ. இரண்டு இருந்தால் 'அவர் பார்த்துப்பார்' என்று இருவருமே விட்டுவிடுவார்கள். பிறகு மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒரே பெயருக்குக் கீழே ஏ குவிந்திருந்தால் தாமதம் அங்கிருந்துதான் வரும். பெரும்பாலான சி மரியாதைக்காகப் போட்டவை. அவற்றை ஐ ஆக்கிவிட்டால் ஒப்புதல் வேகமாக நகரும்.

---

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு: ஏ போட்டவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதா? டீம் லீட் பெயரைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேனேஜரிடம் சைன்-ஆஃப் கேட்கச் சொன்னால், உண்மையான ஏ மேனேஜர்தான். அவர் பெயரையே போடுங்கள்.

வேறு டிபார்ட்மென்டிலிருந்து ஆள் கடன் வாங்கும்போது 'பாதி நேரம்' என்று வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். அவருடைய அப்ரைசல் அங்கே இருக்கிறது. நெருக்கடி வந்தால் அங்கேதான் போவார். எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் என்று அவருடைய மேனேஜரிடம் மெயிலில் உறுதி வாங்குங்கள்.

---

ஆள் எண்ணிக்கையும் கணக்கில் வரணும். டீமில் உள்ளவர்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் எத்தனை ஜோடி வரும்? ஆள் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைத்துப் பெருக்கி, இரண்டால் வகுக்கணும். 5 பேருக்கு 10 ஜோடி, 10 பேருக்கு 45, 12 பேருக்கு 66. கடைசி நேரத்தில் இரண்டு பேரைக் கூட்டினால் 21 புது ஜோடி! பழைய ஆட்கள் சொல்லிக்கொடுக்க உட்காருவதால் அவர்கள் வேலையும் நிற்கும். தாமதமான சாஃப்ட்வேர் பிராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று அமெரிக்கக் கணினி விஞ்ஞானி பிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார் (இன்றும் முதலில் ஆள்தான் கேட்கிறோம்). ஸ்க்ரம் (சிறு குழுவாகக் குறுகிய சுற்றுகளில் வேலை செய்யும் முறை) வழிகாட்டியின் 2020 பதிப்பும் ஒரு டீமுக்குப் பொதுவாக 10 பேர் அல்லது அதற்குக் குறைவு என்கிறது.

அதற்கு மேல் போனால் பிரியுங்கள். டிசைன் ஒரு பக்கம், டெஸ்டிங் ஒரு பக்கம் என்று பிரித்தால் ஒவ்வொரு வேலையும் எல்லோர் வாசலிலும் காத்து நிற்கும். ஒரு பகுதியைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே குழு முடிக்கிற மாதிரி பிரிப்பது நல்லது.

---

பேச்சுத் தொடர்பில் இரண்டே விஷயம்.

குரூப்பில் 'யாராவது பார்த்துச் சொல்லுங்க' என்று போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். யார், என்ன, எப்போதுக்குள், பதில் வராவிட்டால் என்ன செய்யப்போகிறோம் என்ற நான்கும் இருக்கட்டும். 'வியாழன் மாலை 4 மணிக்குள் மறுப்பு வராவிட்டால் இரண்டாவது டிசைனை எடுத்துக்கொள்கிறோம்' என்று எழுதிப் பாருங்கள், உடனே பதில் வரும்.

முடிவுகள் குரூப்பில் கிடக்கக் கூடாது, தேடி எடுக்க முடியாது. தனியாக ஒரு ஷீட் வைத்துத் தேதி, முடிவு, எடுத்தவர், கைவிட்ட மாற்று வழி, அதற்கான காரணம் என்று எழுதுங்கள். கடைசி இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் புதிதாக ஒருவர் சேர்ந்ததும் அதே விவாதம் மறுபடி தொடங்குகிறது.

---

ஒரு சின்னச் சேர்க்கை: ஒவ்வொரு ஏ-வுக்கும் பக்கத்தில் ஒரு பேக்கப் பெயர். பெயர் எழுதினால் மட்டும் போதாது, பாஸ்வேர்டும் அனுமதியும் அவரிடமும் வேலை செய்கிறதா என்று லீவுக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.