கச்சான் நாளில் பாதியில் நின்ற நீர்

உப்புவெளி ஆசிரியை:
காகிதத்தின் வழியே நீர் ஏறும் பரிசோதனையை எல்லோரும் செய்திருப்பீர்கள். அன்று ஆடி மாதக் கச்சான் காற்று யன்னல் வழியே வகுப்பைச் சுட்டுக்கொண்டிருந்தது. நீலச் சாயநீரில் தொங்கவிட்ட வடிதாள் கீலத்தில் நீர் பாதிவரை ஏறி, அதற்கு மேல் அசையவில்லை. "மிஸ், காத்து குடிச்சிட்டுது" என்றாள் கடைசி வாங்கிலிருந்த ஒரு பிள்ளை. வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டு, தாள் பழையது என்று பாடத்தை முடித்துவிட்டேன். நீர் நின்ற இடத்தில் கருநீலக் கோடு ஒன்று தடித்திருந்தது. நீர் ஆவியாகிப் போகச் சாயம் மட்டும் தங்கியதால் உண்டான கோடு அது என்பது வீடு வந்த பின்புதான் உறைத்தது.

நிலாவெளிக்காரன்:
நான் பரிசோதனைக்குக் கொண்டுபோனது எங்கள் கிணற்று உவர்நீர். மறுநாள் காய்ந்த தாளின் மேல்விளிம்பில் வெண்மையாகப் பூத்திருந்ததை நாக்கால் தொட்டேன், உப்பளத்துச் சுவை. ஆசிரியர் காதைப் பிடித்து வெளியே விட்டார்.

முன்னாள் ஆய்வுகூட உதவியாளர்:
காற்றின் மேல் மட்டும் பழியைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். நீரை இழுப்பவை செலுலோசு நார்களுக்கிடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள். இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதால், குறுக்கே வெட்டிய கீலத்தில் நீர் பிந்தும். நான் ஒருமுறை பாதித் தாளைக் குறுக்கே வெட்டிக் கொடுத்து, இரண்டு வரிசைப் பிள்ளைகளுக்கிடையே சண்டையே மூண்டது. இன்னொன்று: 1921இல் வோஷ்பேர்ன் என்ற இரசாயனவியலாளர் எழுதிய சமன்பாட்டின்படி, ஒரு நிமிடத்தில் ஏறிய உயரத்தின் இருமடங்கை எட்ட மொத்தம் 4 நிமிடங்களும், மும்மடங்கை எட்ட 9 நிமிடங்களும் வேண்டும், புவியீர்ப்பும் ஆவியாதலும் சேர்ந்தால் அதைவிடவும் பிந்தும். எனவே மெதுவாவதைப் பார்த்து நின்றுவிட்டது என்று முடிவுகட்டாமல், கீலத்தில் பென்சிலால் கோடுகளிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்து, கீலம் தொங்கும் போத்தலையும் மூடிவைக்க வேண்டும். பேனையால் கோடிட்டால் மையும் சேர்ந்து ஏறிவிடும்.

உப்புவெளி ஆசிரியை:
அறிவுரை கேட்டதாக நினைவில்லை, ஐயா. ஆயினும் திசையைப் பற்றி நானும் யோசித்திருந்தேன். அந்தக் கிழமையே ஒரே தாளில் ஒரே திசையில் இரண்டு கீலங்கள் வெட்டி, ஒன்றை மூடிய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ளும் மற்றதைக் குசினி யன்னலோரத்திலும் தொங்கவிட்டேன். போத்தலுக்குள் நீர் உச்சியைத் தொட்டது. யன்னலோரத்தில் மறுபடியும் பாதியில் அதே கருநீலக் கோடு. இரண்டையும் கொப்பிக்குள் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனபோது அந்தப் பிள்ளை இல்லை. தகப்பனின் வேலை மாற்றத்தோடு மூதூருக்குப் போய்விட்டாள்.