டிங்காடிங்கா ஓவியங்களை முதன்முதலில் பார்த்த அனுபவம்

தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் பணியிலிருந்த இரண்டு ஆண்டுகளும், ஆய்ஸ்டர் பே பகுதியிலுள்ள டிங்காடிங்கா ஓவியர் கூட்டுறவுச் சங்கத்தின் பட்டறைக்குப் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வந்தேன். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் என்னை நிறுத்தியது படங்கள் அல்ல, வாசனைதான். சிறு வயதில் சைக்கிள் கடை வாசலில் நின்று நுகர்ந்த அதே எனாமல் பெயின்ட் வாசனை. இந்த ஓவியங்களே சைக்கிளுக்கு அடிக்கும் பெயின்டில் பிறந்தவை என்பது அன்று எனக்குத் தெரியாது.

இந்த ஓவியப் பாணியைத் தொடங்கி அதற்குத் தம் பெயரையும் தந்த எட்வர்டு சைதி டிங்காடிங்கா 1932இல் தான்சானியாவின் தெற்கே துன்துரு வட்டாரத்தில் பிறந்தவர். டாங்கா பகுதியின் சைசல் கற்றாழைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தபின் தார் எஸ் சலாமுக்கு வந்து, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வீட்டில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் பழமும் காய்கறியும் விற்றார். முஹிம்பிலி மருத்துவமனையில் உதவியாளராகவும் இருந்தார். ஓவியப் பள்ளி எதிலும் அவர் பயின்றதில்லை. 1968 வாக்கில், ஏறத்தாழ இரண்டடிச் சதுரமாக வெட்டிய ஹார்ட்போர்டில், கடையில் மலிவாகக் கிடைத்த எனாமலைக் கொண்டு வரையத் தொடங்கி, வெளிநாட்டவர் வந்துபோகும் மொரோகோரோ ஸ்டோர்ஸ் என்ற அங்காடியின் அருகே அப்படங்களை விற்றார். 1972இல், அவர் சென்ற வண்டியைத் தேடப்பட்ட குற்றவாளிகளுடையது என்று தவறாகக் கருதிக் காவலர்கள் சுட்டதில் உயிரிழந்தார். அவர் வரைந்தது நான்கே ஆண்டுகள் என்று அறிந்தபோது, கையிலிருந்த படத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றேன்.

பட்டறையில் வயது முதிர்ந்த ஓவியர் ஒருவர் தரையில் கால் நீட்டி அமர்ந்து வேலை செய்வதைத்தான் நான் அதிகம் கவனித்தேன். முதலில் அகலத் தூரிகையால் பின்னணியைப் பூசி, அதை ஒதுக்கி வைத்துவிடுவார். எனாமல் காய நேரமாகும் என்பதால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் அதன்மேல் சிறுத்தையின் உடலை நிரப்புவார். அதுவும் காய்ந்த பிறகே புள்ளிகள், அவற்றுக்குப் பின் மீசை மயிர்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு பலகைகள் அவரைச் சுற்றி வெவ்வேறு நிலைகளில் கிடப்பதற்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான். பொறுமையின்றி ஈரத்தின் மேல் வைத்த கோடு பரவி, படம் முழுவதையும் கெடுத்துவிடும் என்று, எனக்குப் புரியும்படி எளிய சுவாஹிலி மொழியில் சொன்னார்.

டிங்காடிங்கா தாமே வரைந்த படங்களை நூல்களில் பார்த்தபோது, கடைகளில் இன்று விற்கப்படுபவற்றுக்கும் அவற்றுக்கும் உள்ள தொலைவு எனக்குத் துலங்கியது. அவருடைய பலகையில் பெரும்பாலும் ஒரே ஒரு விலங்கு இருக்கும். பின்னால் ஒரே நிறம் விரிந்திருக்கும். மலையோ சூரியனோ கூட்டமோ இராது. அந்த வெறுமைக்கு நடுவே நிற்கும் விலங்கு நம்மை நேராகப் பார்ப்பதுபோல் இருக்கும். பின்வந்தவர்கள் சந்தையையும் மருத்துவமனையையும் ஷெட்டானி எனப்படும் ஆவிகளையும் வரைந்து பலகையை நிரப்பினார்கள். அதுவும் உயிருள்ள கலைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை; ஆயினும் என் மனம் அந்த ஒற்றை விலங்கிடமே திரும்பத் திரும்பப் போகிறது.

*

மேலே எழுதிய ஐயாவுக்கு நன்றி. நான் இவ்வோவியங்களைக் கண்டது தான்சானியாவின் சான்சிபார் தீவிலுள்ள ஸ்டோன் டவுன் என்ற பழைய நகர்ப்பகுதியில். அங்கே சந்துக்குச் சந்து துணியில் வரைந்த படங்கள் தொங்குகின்றன. கிளிமஞ்சாரோ மலையின் முன் நிற்கும் யானைகளும், வரிசையாக நெடிதுயர்ந்து நிற்கும் மசாய் இன மனிதர்களும் கடைக்குக் கடை ஒன்றுபோலவே இருந்ததால், முதலில் இவற்றை அச்சடித்தவை என்றே எண்ணினேன். பிறகு ஒரு கடையின் பின்புறத்தில் இளைஞர் ஒருவர் தம் மாமாவின் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, கோடு கோடாகப் பார்த்து வரைவதைக் கண்டேன். டிங்காடிங்காவும் தம் உறவினர்களையும் ஊர்க்காரர்களையும் அருகில் அமர்த்தித்தான் கற்பித்தார் என்றும், ஜனவரி லிண்டா, ஆஜாபா அப்துல்லா முதலியோர் அப்படிக் கற்றவர்கள் என்றும், சைமன் ம்பாட்டா அதே பாணியைக் கென்யாவின் நைரோபிக்குக் கொண்டுசென்றார் என்றும் பின்னர் படித்தபோது, அந்த இளைஞர் செய்தது வெறும் நகலெடுப்பு அல்ல என்று புரிந்துகொண்டேன்.

ஒரு வருத்தமும் உண்டு. நான் வாங்கிய படத்தைக் கடைக்காரர் வண்ணப்பக்கம் உட்புறமாக இருக்கும்படி இறுகச் சுருட்டித் தந்தார். ஊர் வந்து விரித்தபோது, முழுவதும் காயாத எனாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வரிக்குதிரையின் கழுத்தருகே பெயர்ந்து வந்துவிட்டது.

*

அம்மா, அந்த இழப்பு எனக்கும் நேர்ந்திருக்கும். பட்டறையில் அந்தப் பெரியவர்தான் தடுத்தார். வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி, நடுவில் தடித்த குழாய் வைத்துத் தளர்வாகச் சுருட்ட வேண்டும். இடையில் மெல்லிய தாளும் வேண்டும். பலகையில் வரைந்தது கிடைத்தால் இந்தச் சிக்கலே இல்லை, சுமைதான் கூடும். முடிவில் நான் கொண்டுவந்தது பலகைதான்: மஞ்சள் பின்னணியில் ஒரு சிறுத்தை. மூலையில் அந்தப் பெரியவரின் கையெழுத்து இருக்கிறது. டிங்காடிங்காவின் பெயரைப் போலியாக எழுதி விற்கப்படும் படங்களைப் பார்த்திருக்கிறேன். இவர் தம் பெயரையே எழுதிக் கொடுத்தார்.